கயிற்றுக்கு இந்தப் பக்கம்

கதாநாயகி பூங்காவில் ஓடிவருவதைத் திரையில் பார்த்திருப்பீர்கள். அவள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் ஓடியிருப்பேன். பூங்கா அலுவலகம், தோட்டப் பிரிவு, மின்சாரப் பிரிவு, காவல் நிலையம், மறுபடியும் பூங்கா அலுவலகம். சின்னத்திரைத் தொடர் எடுக்கிற ஒரு கம்பெனிக்கு அனுமதி வாங்கித் தருவதுதான் என் வேலை. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்; அதையே மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தினால் அனுமதி வேண்டும். நின்றுகொண்டு பேசினால் அது பேச்சு. மேஜை நாற்காலி போட்டுப் பேசினால் அது நிகழ்ச்சி, அதற்கும் அனுமதி வேண்டும். சிரிக்காதீர்கள், இதில்தான் நான் சோறு தின்கிறேன்.

எங்கள் பகுதியின் பெரிய பூங்காவுக்கு ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். அவருக்கு நான் வைத்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கையூட்டு வாங்குகிறவரும் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், அவ்வளவுதான். மரப்பிடி போட்ட முத்திரை ஒன்றை மேஜை இழுப்பறையில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். முத்திரை இல்லாத காகிதம் காகிதமே இல்லை என்பது அவர் கொள்கை. எங்கள் கம்பெனி முத்திரையில் ஓர் எழுத்து மங்கியிருக்கிறது என்று என் விண்ணப்பங்களை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார் என்பதற்குக் கணக்கே இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. 'முடியாது' என்பதை எழுத்தில் கேட்கவே கூடாது. வாயால் சொன்ன 'முடியாது' நாளை மறுநாள் 'சரி, பார்த்துப் பண்ணுங்க' என்று ஆகிவிடும். எழுதிய 'முடியாது' எழுதியதுதான், அதை அழிக்க அந்த ஆண்டவனே வந்தாலும் மனுப் போட வேண்டும். அதனால் அதிகாரி முகம் சுளித்தால் சட்டென்று பேச்சை மாற்றி, அவர் மகளின் பரீட்சை எப்படிப் போனது என்று விசாரிப்போம். நானும் விசாரித்திருக்கிறேன். அந்தப் பெண் எந்தப் பாடத்தில் வீக் என்று எனக்கு மனப்பாடம்.

அக்கா வந்து கேட்டதும்தான் அந்தப் பாலபாடத்தை நான் காற்றில் விட்டேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள். நரம்பே தென்படாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். குத்திய பிறகுதான் நோயாளிக்கே தெரியும். கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே கணவனை இழந்தவள். ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். சொல்லிக்கொடுத்தவரும் மனைவியை இழந்த தனிக்கட்டை. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் கால் பக்கம் இன்னொரு பிரேக் இருக்கும், தெரியுமில்லையா. காலமெல்லாம் அதை மிதித்துப் பழகியதால், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பயம் வந்தாலும் அவருடைய கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். அதைப் பார்த்துவிட்டு நான்தான் அவருக்கு 'பிரேக்' என்று பெயர் வைத்தேன்.

பாடம் முடிந்ததும் இருவரும் பூங்காவுக்குள் வந்து, பெரிய புல்வெளியின் ஓரத்தில் மரத்தடியில் கிடக்கிற சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். பேசினார்கள், வேறொன்றும் இல்லை. நடுவில் அக்காவின் கைப்பை காவலுக்கு இருக்கும். அதை யாரோ ஒரு புண்ணியவான் பின்னாலிருந்து போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டான். அண்ணன் அதை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே "இந்த வயசுல என்ன நாடகம் இது?" என்று ஒரு வரி எழுதினான். சித்தப்பா, அத்தை, பெரியம்மா பிள்ளைகள் என்று வரிசையாக வந்து வாயில் கைவைத்த மஞ்சள் பொம்மைகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் குடும்பத்தார் கையில் உலைமூடி கிடைத்திருந்தால் அதையும் தட்டிக்கொண்டே பேசியிருப்பார்கள்.

அந்தக் குரூப்பில் அக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு மாலை டியூட்டி முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கையில் டெட்டால் வாசம் போகவில்லை.

"நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்" என்றாள்.

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சரி, பண்ணித் தொலை, ஆனா பதிவு ஆபீஸ்ல நாலு சுவத்துக்குள்ள சத்தமில்லாம முடிச்சுக்கோன்னு சொல்றான். அவன் பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கானாம். நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காதாம்."

"நீ என்ன சொன்ன?"

"அந்த நாலு பேர் யாருன்னு சொல்லு, பத்திரிகை குடுக்கணும்னு சொன்னேன்."

சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பதிவு அலுவலர் நாம் சொல்கிற இடத்துக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வார், நாளையும் இடத்தையும் மட்டும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நான் கொடுத்துவிட்டேன் என்றாள்.

"என்ன இடம் எழுதின?"

"பூங்கா, பெரிய புல்வெளி, மரத்தடி பெஞ்சு."

"அந்தப் பெஞ்சா?" என்றேன்.

"எந்தப் பெஞ்சுல உக்காந்ததைப் பாத்து இவங்கல்லாம் பேசினாங்களோ, அதே பெஞ்சுல உக்காந்து கையெழுத்துப் போடணும்டி. பட்டப்பகல்ல. பத்து நாற்காலி போட்டு, வர்றவங்களுக்கு ஒரு டீ குடுத்து. நான் எதையும் திருடலயே, எதுக்கு நாலு சுவத்துக்குள்ள போய் ஒளியணும்? நீதான் அனுமதி வாங்குறதுல புலியாச்சே. வாங்கிக் குடு."

எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. தொடர் எடுப்பவர்களுக்கு மாதம் ஒரு கல்யாணம் இல்லாமல் பிழைப்பு ஓடாது. அந்தப் புல்வெளியில் நான் நடத்திவைத்த பொய்க் கல்யாணங்களில் பிறந்த பொய்க் குழந்தைகளே இன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். "படப்பிடிப்பு, கல்யாணக் காட்சின்னு ஒரு வரி எழுதினா போதும்க்கா" என்றேன். "கேமரா ஒண்ணைக் கொண்டுவந்து ஓரமா நிறுத்திடறேன். மேடை போட்டாக்கூட யாரும் கேக்க மாட்டாங்க."

அக்கா முகம் மாறியது. என் மேல் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே குறைவு.

"அண்ணன் என்ன எழுதினான்? நாடகம்னு எழுதினான். இப்ப நீ சர்க்காருக்கே எழுதிக் குடுக்கறேங்கற, ஆமா சார், நாடகம்தான்னு. என் கல்யாணத்துக்குக் கல்யாணம்னு பேர் வச்சு அனுமதி வாங்க முடியுமா, முடியாதா? முடியாதுன்னா சொல்லிடு."

எனக்குச் சுருக்கென்றது. முடியும் என்றேன். கோபத்தில் சொன்ன 'முடியும்' அது.

மறுநாள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நாளைக்கின் முன்னால் போய் நின்றேன். நிகழ்ச்சியின் தன்மை என்ற இடத்தில் 'கல்யாணம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடியும் படித்தார்.

"கல்யாணக் காட்சின்னு போட மறந்துட்டீங்க."

"மறக்கல சார். காட்சி இல்ல, கல்யாணம். எங்க அக்காவுக்கு."

"அக்காவுக்கா?" என்று என் தலைமுடியின் நரையைப் பார்த்தார். எனக்கே இவ்வளவு நரை என்றால் அக்காவுக்கு எவ்வளவு இருக்கும் என்று அவர் மனக்கணக்குப் போட்டது தெரிந்தது. "பொது இடம்மா இது. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"போன மாசம் இதே இடத்துல எங்க கதாநாயகிக்கு ரெண்டு கல்யாணம் நடந்துச்சு. ரெண்டுக்கும் நீங்கதான் முத்திரை வச்சீங்க. பொய்க் கல்யாணத்துக்கு உண்டு, நிஜக் கல்யாணத்துக்கு இல்லையா?"

"படப்பிடிப்புக்கு ஒரு வகை இருக்கு. கண்காட்சிக்கு இருக்கு, போட்டிகளுக்கு இருக்கு. கல்யாணத்துக்கு வகையே இல்லம்மா."

"கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

"கூடாதுன்னும் இல்ல, கூடும்னும் இல்ல."

"அப்ப முடியாதுன்னு எழுதிக் குடுங்க."

அவரிடம் இத்தனை வருஷமும் யாரும் அதைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அனுமதி கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் அடுத்த முறையும் வர வேண்டியவர்கள்; பகைத்துக்கொள்ள மாட்டார்கள். எழுதிக் கொடுத்தால் எந்த விதிப்படி என்று எழுத வேண்டும். விதி இல்லை. எழுதாவிட்டால் எதிரில் உட்கார்ந்திருக்கிறவள் எழுந்து போக மாட்டாள். அவர் என் விண்ணப்பத்தின் மேல் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்தார்.

"நாளைக்கு வாங்க" என்றார்.

நாளைக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மகளின் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மூன்றாவது முறை போனபோது அவரே வாசல்வரை வந்து வரவேற்றார்.

"அன்னைக்குத் தேதி போயிடுச்சும்மா. பெரிய புல்வெளில படப்பிடிப்பு இருக்கு."

"யாரோட படப்பிடிப்பு?"

அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் கம்பெனி. கல்யாணக் காட்சி. கீழே என் கையெழுத்து.

இது எப்படி என்று சொல்ல வேண்டும். தொடர் நடிகர்கள் எந்த நாளில் வருவார்கள் என்பது முதல் நாள் சாயங்காலம்வரை அவர்களுக்கே தெரியாது. அதற்குப் பிறகு விண்ணப்பம் எழுதி, ஆபீஸ் திறந்து, முத்திரை வாங்கி, எப்போது படம் எடுப்பது? அதனால் நான் தேதியை மட்டும் எழுதாமல் காலியாக விட்டு, நாலைந்து விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டு நாளைக்கின் இழுப்பறையில் முன்கூட்டியே வைத்துவிடுவேன். கம்பெனி மேனேஜர் தேதி சொன்னதும் போன் செய்வேன், அவர் நிரப்பிக்கொள்வார். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவளே நான்தான், அதற்காகக் கம்பெனியில் எனக்குச் சம்பள உயர்வெல்லாம் கொடுத்தார்கள். அப்படிக் கிடந்த ஒரு காகிதத்தில்தான் அக்காவின் தேதி ஏறி உட்கார்ந்திருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

மேனேஜரைக் கேட்டேன். அவர் வாயெல்லாம் பல். "பூங்கா ஆபீஸ்லேந்து அவங்களாவே கூப்பிட்டுத் தேதி தர்றாங்கம்மா. என் சர்வீஸ்ல இதான் முதல் தடவை. விடுவேனா? டைரக்டர் அந்த மரத்தடி பெஞ்சையும் ஃப்ரேம்ல வச்சிருக்கார்."

"சார், அன்னைக்கு எங்க அக்கா கல்யாணம். அதே இடத்துல."

"வேற இடத்துல வச்சுக்கச் சொல்லுங்க. உங்களுக்கு லீவும் கிடையாது. நீங்க இல்லாம கயித்துகிட்ட யாரு நிப்பா?"

கயிறு என்றால், படப்பிடிப்பு நடக்கிற இடத்தைச் சுற்றி நாங்கள் கட்டுகிற மஞ்சள் கயிறு. அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பூங்காவுக்கு வருகிறவர்களைப் பல்லைக் காட்டித் துரத்துவதும் என் வேலையில் சேர்த்தி. "கொஞ்சம் அந்தப் பக்கமா போயிடுங்க, அஞ்சே நிமிஷம்." இந்த வசனத்தை எந்த நடிகரையும்விட நன்றாகப் பேசுவேன். அந்த ஐந்து நிமிஷம் சாயங்காலம்வரை நீளும்.

அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிரேக்கும் இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கால் தரையை நாலு தடவை அழுத்திவிட்டது. "எழுதிக் குடுத்த இடத்துல நடக்கலன்னா பதிவு ஆபீஸுக்குத்தான் வரணும்னு அந்தப் பதிவு ஆபீசர் அம்மா சொல்லியிருக்காங்க" என்றார் மெதுவாக. "ஆபீஸ்லயே வச்சுக்கலாமா? உங்க அண்ணனுக்கும் நிம்மதி."

"உங்களுக்கு?" என்றாள் அக்கா.

அவர் தன் காலைப் பார்த்தார். "எனக்கு அந்தப் பெஞ்சுதான் வேணும்" என்றார்.

"அவ்வளவுதான். நாற்காலி வேணாம், டீ வேணாம், புல்வெளியும் வேணாம். பெஞ்சு ஊருக்குப் பொது. உக்காரப் போறோம், கையெழுத்துப் போடப் போறோம். பெஞ்சுல உக்கார யாரு அனுமதி வாங்குறாங்க?" என்று சொல்லிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ எங்க நிக்கணுமோ அங்க நில்லு. உன் பொழப்பைக் கெடுக்க நான் வரல."

அவள் அப்படிப் பெரிய மனசோடு சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த நாள் வந்தது. புல்வெளி நடுவில் காகிதப் பூக்களால் தூண் கட்டி மேடை போட்டிருந்தார்கள். ஜெனரேட்டர் வண்டி ஒரு பக்கம் இரைந்தது. மரத்தடி பெஞ்சுக்குச் சிவப்புத் துணி போர்த்தி, அதில் பொய்க் கல்யாணப் பெண்ணை உட்காரவைத்து முகத்துக்குப் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தார் மேக்கப்காரர். நடைபாதையையும் சேர்த்து வளைத்துக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சுக்குப் பக்கத்தில், அனுமதித் தாளைச் சொருகிய என் அட்டையோடு நான் நின்றேன். காலையிலிருந்து நான் யாரையும் துரத்தவில்லை. நடக்க வந்தவர்கள் கயிற்றைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் தாங்களாகவே சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா வந்தாள். காரை அவளே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். நீலப் புடவை, தோளில் அதே கைப்பை. பிரேக்கின் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் விறைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்த நர்சுகள், அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள், கற்றுக்கொண்டே இருப்பவர்கள், பதிவு அலுவலரான அந்தப் பருத்த அம்மாள். அண்ணனைக் காணோம். வருவான் என்று அக்கா எதிர்பார்த்திருக்கிறாள் என்பது, அவள் ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பியதில் தெரிந்தது. அந்த ஒரு தடவைக்காக அண்ணனை நான் மன்னிக்கப் போவதில்லை.

உதவி இயக்குநர் என்னிடம் ஓடிவந்தார். "அக்கா, ஷாட் ரெடி. இவங்களைக் கொஞ்சம் தள்ளிவிடுங்க."

என் அக்கா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். பழகிப்போன அந்த வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொல்வதற்குப் பதில் நாக்கைக் கடித்துத் துப்பியிருப்பேன். அட்டையிலிருந்த அனுமதித் தாளை உருவித் திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள். யாரும் படிப்பதில்லை. நான் உரக்கப் படித்தேன்.

"படப்பிடிப்பின்போது பொதுமக்கள் பூங்காவைப் பயன்படுத்துவதற்கோ, நடப்பதற்கோ, இருக்கைகளில் அமர்வதற்கோ எவ்வகையிலும் தடை செய்யக் கூடாது."

மேனேஜர் வந்துவிட்டார். "அது எல்லா அனுமதியிலயும் இருக்குறதுதாம்மா. அதையெல்லாமா படிப்பாங்க?"

"கையெழுத்துப் போட்டவ நான் சார். நான் படிக்கணும்ல?"

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

முடிச்சை அவிழ்த்தேன். நானே கட்டிய முடிச்சு, ஒரே இழுப்பில் வந்தது.

"வேலை வேணுமா, வேணாமா?" என்றார் தாழ்ந்த குரலில்.

வேண்டும்தான். வீட்டு வாடகை யார் கொடுப்பார்கள்? ஆனால் அதைவிட அவசரமான ஒன்று அப்போது என் எதிரில் நீலப் புடவையில் நின்றது. கயிற்று நுனியை அவர் கையில் வைத்தேன். "இந்தாங்க, புடிங்க சார்" என்று சொல்லிவிட்டு அக்கா இருந்த பக்கம் போய் நின்றேன். பிறகு எல்லாருமாக உள்ளே நடந்தோம்.

பெஞ்சில் இருந்த பொய்க் கல்யாணப் பெண் எங்களைப் பார்த்ததும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "உக்காருங்கம்மா. எனக்கு இன்னைக்குப் பூரா இங்கதான் கல்யாணம், அவசரமே இல்ல" என்றாள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, பெஞ்சின் மேல் கிடந்த சிவப்புத் துணியை எடுத்து நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தாள். அடியில் பழைய சிமெண்ட் பெஞ்சு, பாசியும் வெடிப்புமாக, போட்டோவில் இருந்தபடியே இருந்தது. அதில் உட்கார்ந்தாள். பிரேக் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதுல வச்சு எழுதறது? மேஜை இல்லையா?" என்றார் பதிவு அலுவலர்.

"மேஜை போட்டா நிகழ்ச்சி ஆயிடும் மேடம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மேடைப் பக்கமிருந்து யாரோ படப்பிடிப்பு மேஜை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வர, அக்கா வேண்டாம் என்று கையசைத்தாள். நான் என் அட்டையை நீட்டினேன். எத்தனையோ பொய்களுக்கு அனுமதி சுமந்த அட்டை. அதன்மேல் வைத்து அக்கா கையெழுத்துப் போட்டாள், பிரேக்கும் போட்டார். சாட்சிக்கு நான் ஒன்று, நர்சு ஒருத்தி ஒன்று. லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுத் தோற்றும் அவரை விடாத மாணவர் ஒருவர் இன்னொன்று. அலுவலர் கைகுலுக்கினார். எல்லாரும் கை தட்டினோம். ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்த கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் தட்டினார். "மாமா" என்று பிரேக்கை முதல் தடவையாகக் கூப்பிட்டேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம்.

கை தட்டல் ஓய்வதற்குள் நாளைக்கு வந்துவிட்டார். கையில் அபராதப் புத்தகம், பின்னால் காவலாளி.

"என்ன நடக்குது இங்க?"

எங்கே தன் அனுமதியும் ரத்தாகிவிடுமோ என்று மேனேஜருக்கு உதறல். சட்டென்று முன்னால் வந்தார். "ஒண்ணும் இல்ல சார். எங்க ஷூட்டிங்தான். கல்யாணக் காட்சி."

நாளைக்கின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "ஷூட்டிங்தானே? அப்ப சரி" என்று புத்தகத்தை மூடினார்.

பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அபராதம் இல்லை, தகராறு இல்லை, என் வேலைகூட மிஞ்சியிருக்கலாம்.

"ஷூட்டிங் இல்ல சார்" என்றாள் அக்கா, உட்கார்ந்தபடியே. "எனக்குக் கல்யாணம். இப்பதான் ஆச்சு."

மாமாவின் காலைப் பார்த்தேன். தரையில் சும்மா இருந்தது.

"அனுமதி வாங்கினீங்களா?"

"கேட்டோம். நீங்க தரல. தர மாட்டேன்னும் எழுதித் தரல."

அவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், சுற்றி நிற்கிற அத்தனை பேரையும் பார்த்தார். இனி நாளைக்கு வாங்க என்று சொல்ல முடியாது. பேனாவைத் திறந்தார். "அபராதம் போடணும்மா. வேற வழி இல்ல. படப்பிடிப்புக்கு இடைஞ்சல் பண்ணினதா எழுதிக்கிறேன். அதுக்கு விதி இருக்கு."

"என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க சார். பொய் எழுதினா கட்ட மாட்டேன்."

அவர் எழுதினார். நின்றுகொண்டு எழுத வசதியில்லாமல் தடுமாற, நான் என் அட்டையைக் கொடுத்தேன். மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் கிழித்து நீட்டினார். மாமா பணம் கட்டினார். அக்கா அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, நர்சுகளுக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

"பெரிய புல்வெளி மரத்தடி இருக்கையில், அனுமதியின்றிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக."

படித்துவிட்டுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம்.

"முத்திரை எங்க சார்?"

"அபராதச் சீட்டுக்கு எதுக்கும்மா முத்திரை?"

"முத்திரை இல்லாத காகிதம் காகிதமே இல்லன்னு நீங்கதான் சொல்வீங்களாமே. என் தங்கச்சி சொல்லியிருக்கா."

யாரோ சிரித்தார்கள். பொய்க் கல்யாணப் பெண்தான் என்று நினைக்கிறேன். நாளைக்கு சட்டைப் பையைத் தடவிச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அந்த வெயிலில் அலுவலகம்வரை நடந்து போய், முத்திரையோடும் மைப்பெட்டியோடும் திரும்பி வந்தார். ஊதி ஊதி வைத்தார். ஓர் எழுத்துக்கூட மங்கவில்லை.

அக்கா சீட்டைத் தன் மடிமேல் விரித்துப் போட்டோ எடுத்தாள். குடும்பக் குரூப்பைத் திறந்து, மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், அந்தப் பழைய பெஞ்சுப் போட்டோவைக் கண்டுபிடித்தாள். 'இந்த வயசுல என்ன நாடகம் இது?' அதற்குப் பதிலாகச் சீட்டின் படத்தை அனுப்பினாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அண்ணன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது.

போனைக் கைப்பைக்குள் போட்டு, பையைத் தூக்கி, மாமாவுக்கும் தனக்கும் நடுவில் வைக்காமல் பெஞ்சின் கோடியில் வைத்தாள்.

உதவி இயக்குநர் தயங்கித் தயங்கி வந்தார். "ஆன்ட்டி, எல்லாம் முடிஞ்சுதுன்னா... டைரக்டருக்கு இந்தப் பெஞ்சு வேணுமாம். வெளிச்சம் மாறிட்டு இருக்கு."

அக்கா மாமாவின் பக்கம் நகர்ந்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கமா போயிடுங்க தம்பி" என்றாள். "அஞ்சே நிமிஷம்."